பெரியப்பாவின் ஸ்பீக்கர் பெட்டி, 29 கிலோபைட்டில்

கடந்த ஆண்டு எங்கள் தாமான் கோயில் திருவிழாவில்தான் நான் முதன்முறையாக மேடையேறி கித்தார் வாசித்தேன். புக்கிட் ரோத்தானுக்கும் பெஸ்தாரி ஜெயாவுக்கும் இடையே, ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாகவும் பிறகு செம்பனைத் தோட்டமாகவும் இருந்து, இப்போது வரிசை வீடுகளாகிவிட்ட இடம் அது. இரதம் புறப்படுவதற்கு முன் ஒரு மணி நேரத்தை எங்கள் இசைக்குழுவுக்குக் கொடுத்திருந்தார்கள். கூட்டத்தில் அம்மா, அப்பா, அத்தைமார், எனக்கு ஒன்றாம் ஆண்டில் பாடம் நடத்திய தமிழ்ப்பள்ளி ஆசிரியை என்று எல்லாரும் இருந்தார்கள்.

முதல் பாட்டில் கித்தாருக்கு உரிய இடம் வந்தது. பெடலை மிதித்தேன். மேடையின் இரு பக்கமும் நின்ற ஒலிபெருக்கிகளிலிருந்து வந்தது கித்தார் சத்தமே இல்லை. குளவிக் கூட்டில் கல் எறிந்ததுபோல் ஓர் இரைச்சல். முன்வரிசைப் பாட்டிகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒலியமைப்பைப் பார்த்துக்கொண்ட அண்ணன் அவசர அவசரமாக என் சத்தத்தைக் குறைத்தார். மீதிப் பாட்டுகளில் நான் என்ன வாசித்தேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

முடிந்ததும் பெரியப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். 1980-களில் இதே தோட்டத்து இசைக்குழுவில் கித்தார் வாசித்தவர் அவர். "விரலு நல்லாத்தான் போகுதும்மா. ஆனா உன் சத்தத்துக்குப் பெட்டி இல்ல," என்றார்.

அந்த ஒரு வரி எனக்குச் சரியாகப் புரிய ஏறக்குறைய எட்டு மாதம் ஆனது. நான் பல்கலைக்கழகத்தில் மின்னியல் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. வகுப்பில் படித்த ஒரு கணக்கும், பெரியப்பா வீட்டின் பின்கட்டில் கிடந்த ஒரு பழைய பெட்டியும் சேர்ந்துதான் அதைப் புரியவைத்தன. கித்தார் வாசிக்கும் தம்பி தங்கைகளுக்கும், "இந்தக் கணக்கெல்லாம் எதற்கு?" என்று கேட்கும் மாணவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

குறையுள்ள ஸ்பீக்கர், நிறைவான சத்தம்

மின்கித்தாரின் கம்பி தனியாக எழுப்பும் சத்தம் மிகச் சிறியது. கம்பியின் அதிர்வை பிக்கப் மின்குறிகையாக மாற்றுகிறது. ஆம்பிளிஃபையர் அதைப் பெரிதாக்குகிறது. ஸ்பீக்கர் அதை மறுபடியும் காற்றின் அதிர்வாக்குகிறது. இந்த வரிசையில் நாம் அதிகம் யோசிக்காதது கடைசியில் நிற்கும் ஸ்பீக்கரைப் பற்றித்தான்.

வீட்டில் பாட்டுக் கேட்கும் நல்ல ஒலிபெருக்கி, மனிதக் காது கேட்கக்கூடிய 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான எல்லா அதிர்வுகளையும் கூட்டாமல் குறைக்காமல் தர முயலும். கித்தார் ஸ்பீக்கர் அப்படிப்பட்டது அல்ல. பெரும்பாலும் அது 12 அங்குலக் காகிதக் கூம்பு. சுமார் 75 ஹெர்ட்ஸில் தொடங்கி 5,000 ஹெர்ட்ஸ் வரைதான் நன்றாக ஒலிக்கும். அதற்கு மேல் சத்தம் செங்குத்தாக விழுந்துவிடும். 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் சத்தம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். பாட்டுக் கேட்கும் ஒலிபெருக்கியாக எடைபோட்டால் இது மோசமான ஸ்பீக்கர். ஆனால் மின்கித்தாருக்கு இந்தக் குறைதான் உயிர்.

காரணம் இதுதான். கித்தாரின் தடித்த ஈ கம்பி நொடிக்கு சுமார் 82 முறை அதிர்கிறது. ராக் பாட்டுகளில் கேட்கிறோமே, அந்த உறுமும் சத்தம், அதற்காக ஆம்பிளிஃபையரை அதன் எல்லைக்கு மேல் தள்ளுகிறோம். அப்போது அலையின் தலை வெட்டுப்படுகிறது. வெட்டுப்பட்ட அலையிலிருந்து 82-இன் மடங்குகளாகப் புதுப்புது அதிர்வுகள் பிறக்கின்றன: 164, 246, 328 என்று. அறுபதாவது மடங்கு 5,000 ஹெர்ட்ஸை நெருங்கும். அதற்கு மேலும் மடங்குகள் உண்டு. அந்த மேல் மடங்குகள்தாம் குளவிகள். காகிதக் கூம்பு அவற்றைக் காற்றில் விடுவதில்லை. கதவருகே நின்று சல்லடை போடுகிறது.

கோயில் மேடையில் இருந்த ஒலிபெருக்கிகளோ பாடகரின் குரலும் தாளத்தின் கிணுகிணுப்பும் தெளிவாகக் கேட்பதற்காகச் செய்யப்பட்டவை. உயர் அதிர்வுகளுக்கென்றே அவற்றில் தனி ஹார்ன் இருக்கும். நான் அனுப்பிய குளவிகளை அவை ஒன்றுவிடாமல் கூட்டத்தின் மேல் பறக்கவிட்டன.

என் தவறு சின்னதுதான். நான் வைத்திருப்பது மாடலர் எனப்படும் டிஜிட்டல் கருவி. பலவகை ஆம்பிளிஃபையர்களின் சத்தத்தைக் கணக்கிட்டுத் தரும் ஒரு சிறு கணினி என்று சொல்லலாம். அதில் ஸ்பீக்கர் பெட்டியின் வேலையையும் செய்யும் ஒரு பகுதி உண்டு. கேப் சிமுலேஷன், சுருக்கமாகக் கேப் சிம் என்பார்கள். பயிற்சியின்போது ஒரு சிறிய கித்தார் ஆம்பிளிஃபையர் வழியாக வாசித்தேன். அதில் உண்மையான கித்தார் ஸ்பீக்கர் இருந்ததால் கேப் சிம்மை அணைத்து வைத்திருந்தேன். மேடையில் கருவியை நேராக மிக்ஸரில் செருகியபோது அதைத் திரும்பப் போட மறந்துவிட்டேன். பெரியப்பா சொன்னது அப்படியே உண்மை. என் சத்தத்துக்குப் பெட்டி இல்லை.

பெட்டியைப் பிடிக்க ஓர் ஓட்டம்

இந்தச் சிக்கல் எனக்கு மட்டும் வந்ததல்ல. பெரிய ஸ்பீக்கர் பெட்டியைச் சுமக்காமல் அதன் சத்தத்தை மட்டும் எடுத்துப் போக முடியுமா என்று பொறியாளர்கள் நெடுநாளாக முயன்றிருக்கிறார்கள்.

நான்கு 12 அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட பெட்டியை ஒருவர் தனியாகத் தூக்குவது கடினம். அதை முழுச் சத்தத்தில் வைத்தால்தான் குணம் வரும். அடுத்த வீட்டோடு சுவரைப் பங்குபோடும் நம் தாமான் வீடுகளில் இரவு பத்து மணிக்கு அப்படி வாசித்துப் பாருங்கள். என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

டாம் ஷோல்ஸ் என்ற அமெரிக்கர் எம்.ஐ.டி.யில் இயந்திரவியல் படித்துவிட்டு, போலராய்டு நிறுவனத்தில் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டே வீட்டு நிலவறையில் பாட்டுப் பதிவு செய்தவர். 1976-இல் வெளிவந்த அவரது போஸ்டன் குழுவின் முதல் இசைத்தொகுப்பு உலகப் புகழ் பெற்றது. 1982-இல் அவர் ராக்மேன் என்ற கையடக்கக் கருவியைக் கொண்டுவந்தார். ஸ்பீக்கர் செய்யும் சல்லடை வேலையை அதில் மின்சுற்றுகள் செய்தன. இடுப்பில் மாட்டிக்கொண்டு காதொலிப்பானில் கேட்கலாம். 1989-இல் சான்ஸ்ஆம்ப் என்ற பெடல் வந்தது. அதுவும் மின்சுற்று வகைதான். 1998-இல் லைன் 6 நிறுவனத்தின் பாட் வெளிவந்தது. அவரைக்கொட்டை வடிவத்தில் இருந்த அந்தச் சிவப்புப் பெட்டி, ஆம்பிளிஃபையரையும் ஸ்பீக்கரையும் டிஜிட்டல் முறையில் கணக்கிட்டுத் தந்தது.

இவை எல்லாம் பொதுவாக "ஒரு கித்தார் ஸ்பீக்கர் இப்படித்தான் இருக்கும்" என்று வரைந்த படங்கள். குறிப்பிட்ட ஒரு பெட்டியின் நிழற்படம் அல்ல. அந்த நிழற்படத்தை எடுக்கும் வழிக்குத்தான் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்று பெயர். இனி ஐ.ஆர். என்றே சொல்கிறேன். 2006-இல் வந்த ஆக்ஸ்-எஃப்.எக்ஸ்., 2011-இல் வந்த கெம்பர் போன்ற கருவிகளின் காலத்தில் இம்முறை கித்தார் உலகில் பரவியது. இன்று நடுத்தர விலைக் கருவிகளிலும் நமக்கு வேண்டிய ஐ.ஆர். கோப்பை ஏற்றிக்கொள்ளலாம்.

ஒரு கைத்தட்டல் சொல்லும் செய்தி

ஐ.ஆர். என்றால் என்ன? ஆளில்லாத திருமண மண்டபத்தின் நடுவில் நின்று ஒரே ஒரு முறை கைதட்டிப் பாருங்கள். 'டப்' என்ற சத்தம் உடனே அடங்காது. சுவரில் பட்டு, கூரையில் பட்டு, ஒரு வால் போல் நீண்டு மறையும். அதே கைதட்டலை மெத்தையும் திரைச்சீலையும் உள்ள படுக்கையறையில் தட்டினால் வால் குட்டையாக இருக்கும். கை ஒன்றுதான், தட்டல் ஒன்றுதான். மாறியது இடம். ஆக, அந்த வால் இடத்தின் கையெழுத்து.

ஸ்பீக்கர் பெட்டியும் அப்படித்தான். மிகக் குறுகிய ஒரு மின்துடிப்பை அதற்குள் அனுப்பினால் கூம்பு ஒரு முறை உதறும். பலகை அதிரும். பெட்டியின் உட்புறத்தில் சத்தம் மோதித் திரும்பும். நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்குள் எல்லாம் அடங்கிவிடும். அந்த உதறலை ஒலிவாங்கியில் பிடித்துவிட்டால் பெட்டியின் கையெழுத்து நம் கையில்.

இதை வைத்து என்ன செய்வது? டிஜிட்டல் ஒலியில் ஒரு நொடி என்பது பெரும்பாலும் 48,000 புள்ளிகள். நான் வாசிக்கும் ஒவ்வொரு புள்ளியையும் ஒரு குட்டிக் கைத்தட்டலாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் அந்தப் பெட்டி தன் வாலை நீட்டும். பெரிய தட்டலுக்குப் பெரிய வால், சின்னத் தட்டலுக்குச் சின்ன வால். ஒன்றன்மேல் ஒன்றாக விழும் எல்லா வால்களையும் கூட்டினால் கிடைப்பது, நான் அந்தப் பெட்டி வழியாக வாசித்திருந்தால் கேட்டிருக்கக்கூடிய சத்தம். இந்தப் பெருக்கல்-கூட்டல் கணக்குக்குத்தான் கன்வொலூஷன் என்று பெயர்.

முதலாம் ஆண்டில் இந்தக் கணக்கைப் படித்தபோது எனக்கு ஒன்றுமே புரியவில்லை. ஆங்கிலத்தில் விரிவுரை, மலாயில் நண்பர்களின் விளக்கம், இரண்டையும் எழுதிவைத்துக்கொண்டு சூத்திரத்தை மனப்பாடம் செய்து தேர்வை முடித்தேன். "ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு வால்" என்று தமிழில் எனக்கு நானே சொல்லிக்கொண்ட நாளில்தான் அந்தச் சூத்திரம் எதைச் சொல்கிறது என்று தெரிந்தது. மூன்று மொழிகளில் படிப்பதைச் சுமையாக நினைக்கும் மாணவர்களுக்குச் சொல்கிறேன்: புரியாத பாடத்தை நீங்கள் கனவு காணும் மொழியில் ஒரு முறை சொல்லிப் பாருங்கள்.

கணக்கு பெரியதுதான். 2,048 புள்ளி நீளமுள்ள ஐ.ஆர்., அதாவது நொடியில் 43 ஆயிரத்தில் ஒரு பங்கு அல்ல, ஆயிரத்தில் 43 பங்கு நேரம் நீளும் வால், அதற்கே ஒரு நொடிக்கு 48,000 முறை 2,048 பெருக்கல்கள் வேண்டும். ஏறக்குறைய 9 கோடியே 83 லட்சம். 1965-இல் கூலி, டூக்கி என்ற இருவர் வெளியிட்ட வேகமான ஃபூரியர் கணக்குமுறையும், பிற்காலத்தில் மலிவான சில்லுகளும் சேர்ந்ததால்தான் இது காலடியில் கிடக்கும் பெடலுக்குள் வந்தது. 1999-இல் சோனி நிறுவனம் இதே கணக்கைக் கொண்டு பெரிய அரங்குகளின் எதிரொலியை நிகழ்நேரத்தில் தரும் கருவியை வெளியிட்டது. பெரிய அரங்குக்கும் கித்தார் பெட்டிக்கும் கணக்கு ஒன்றே.

பின்கட்டில் கிடந்த பெட்டி

இவ்வளவையும் படித்த பிறகு, இணையத்தில் விற்கும் புகழ்பெற்ற பெட்டிகளின் ஐ.ஆர். கோப்புகளைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது பெரியப்பா வீட்டில் சமையற்கட்டை இடித்துப் பெரிதாக்கப் போவதாகப் பேச்சு வந்தது. பின்கட்டில் இருப்பதையெல்லாம் அப்புறப்படுத்த வேண்டும். பழைய சைக்கிள், செம்பனை அறுக்கும் அரிவாள், தகரப் பீப்பாய், அவற்றோடு ஒரு ஸ்பீக்கர் பெட்டி.

அதை நான் சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். மேலே பூத்தொட்டி வைத்திருப்பார்கள். அது கித்தார் பெட்டி என்று எனக்குத் தெரியாது.

தோட்டத்து ஆசாரி பலகையில் செய்து கொடுத்த பெட்டி அது. கோலாலம்பூர் ஜாலான் பசாரில் வாங்கிய இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்கள் உள்ளே. பினாங்கிலிருந்து கிளம்பி நாடெங்கும் பெயரெடுத்த டேவிட் ஆறுமுகம், லோகநாதன் சகோதரர்களின் அல்லிகேட்ஸ் குழுவைப் பார்த்து, நாமும் ஒரு குழு வைத்தால் என்ன என்று தோட்டத்து இளைஞர்கள் ஆரம்பித்த காலம். பகலில் பால்மரக் காட்டில் வேலை, இரவில் கிளப்பு வீட்டில் பயிற்சி. திருவிழா என்றால் தோட்டத்து லாரியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு ராஜா மூசா, புக்கிட் செராக்கா, தஞ்சோங் காராங் என்று போவார்கள்.

நம் வட்டாரத்துக்கு இதில் ஒரு தனி வரலாறு உண்டு. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் இந்தக் கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் தொடங்கியது. ஆன்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கிய தோட்டம். பெயரோ தமிழ். பின்னாளில் ரப்பர் போய்ச் செம்பனை பரவியது. பால்வெட்டுக்குத் தேவைப்பட்ட அளவு ஆட்கள் செம்பனைக்குத் தேவைப்படவில்லை. லயங்கள் காலியாயின. குழுவும் கலைந்தது. ஒருவர் கிள்ளானுக்கு, ஒருவர் ரவாங்குக்கு, ஒருவர் சிங்கப்பூருக்கு. பெட்டி மட்டும் பெரியப்பாவோடு தாமான் வீட்டுக்கு வந்தது.

"இத எங்கம்மா வைக்கிறது? கரையான் வேற ஏறிடுச்சு. லாரி வந்தா ஏத்திவிட்ருவோம்," என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சாதாரணமாக இருக்கவில்லை. இந்தத் தோட்டத்தில் நாற்பது ஆண்டுக்கு முன் கேட்ட சத்தத்தில் மிஞ்சியிருப்பது இந்தப் பெட்டி ஒன்றுதான். குழுவின் ஒலிநாடாகூட யாரிடமும் இல்லை.

"பெரியப்பா, லாரி வர்றதுக்கு முன்ன ஒரு நாள் எனக்குக் குடுங்க," என்றேன்.

பதிவு செய்த இரவு

கோயிலில் ஒலியமைத்த அதே அண்ணனிடம் போய் உதவி கேட்டேன். கடந்த ஆண்டு நடந்ததை நினைத்துச் சிரித்தாலும், ஒரு பவர் ஆம்பிளிஃபையரையும் உறுமி மேளத்துக்கு வைக்கும் ஷூர் எஸ்.எம்.57 ஒலிவாங்கியையும் கொடுத்தார். 1965-இலிருந்து சந்தையில் இருக்கும் இந்த ஒலிவாங்கிதான் உலகெங்கும் கித்தார் பெட்டிகளின் முன் அதிகம் வைக்கப்படுவது.

கைத்தட்டல் போன்ற ஒற்றைத் துடிப்பு மிகக் குறுகியது. சுற்றுப்புறச் சத்தத்தில் அமுங்கிவிடும். அதனால் 20 ஹெர்ட்ஸில் தொடங்கி 20,000 வரை மெல்ல ஏறும் ஒரு நீண்ட ஊளைச் சத்தத்தைப் பெட்டிக்குள் அனுப்பி, வெளியே வருவதைப் பதிவு செய்து, கணக்கின் மூலம் துடிப்பாகச் சுருக்குகிறார்கள். ஆஞ்சலோ ஃபரீனா என்ற இத்தாலியப் பேராசிரியர் 2000-இல் பாரிஸில் நடந்த ஒலிப்பொறியியல் மாநாட்டில் விளக்கிய முறை இது. ரூம் இ.க்யூ. விசார்ட் என்ற இலவச மென்பொருள் ஊளையையும் உருவாக்கித் தருகிறது, முடிவை ஐ.ஆர். கோப்பாகவும் தருகிறது. ஆக, மடிக்கணினியும் ஒலி இடைமுகக் கருவியும் இருந்தால் போதும்.

முதல் நாள் மழை. தகரக் கூரையில் விழுந்த மழையில் எதுவும் நடக்கவில்லை. மறுநாள் இரவு பதினொரு மணிக்கு மேல், பெரிய சாலையில் லாரிகள் குறைந்த பிறகு தொடங்கினோம். ஊளை மேலே ஏற ஏறத் தாமானில் உள்ள நாய்கள் எல்லாம் சேர்ந்துகொண்டன. பெரியம்மா ஜன்னலைத் திறந்து, "என்னாதான் பண்றீங்க ரெண்டு பேரும்?" என்று சத்தம் போட்டார்.

அன்றிரவு நான் கற்ற பெரிய பாடம் ஒலிவாங்கியை வைக்கும் இடம். கூம்பின் நடுவில் உள்ள மூடிக்கு நேராக வைத்தால் சத்தம் கூர்மையாக இருக்கிறது. விளிம்பை நோக்கி ஓர் அங்குலம் நகர்த்தினாலே மென்மையாகிறது. அண்ணன் இன்னோர் ஒலிவாங்கியைத் தள்ளி வைத்துப் பார்க்கச் சொன்னார். இரண்டையும் சேர்த்தபோது சத்தம் உள்ளீடற்றுப் போனது. ஏனென்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். இரண்டு ஒலிவாங்கிகளுக்கும் உள்ள தூர வேறுபாடு 17 சென்டிமீட்டர் என்றால், ஒலி இரண்டாவதை அடைய ஆயிரத்தில் அரை நொடி தாமதம். அந்தத் தாமதத்தில் 1,000 ஹெர்ட்ஸ் அலையின் மேடும் பள்ளமும் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பள்ளிப் பௌதிகத்தில் படித்த அலைக் குறுக்கீடுதான். அங்கே நீர்த்தொட்டியில் பார்த்ததை இங்கே காதால் கேட்டேன்.

இடது ஸ்பீக்கரில் ஆறு இடங்களில் பதிவு செய்தோம். வலது ஸ்பீக்கரின் கூம்பு ஓரத்தில் கிழிந்திருந்தது. "அதையும் எடும்மா," என்றார் பெரியப்பா. எடுத்தேன்.

கணக்கு விட்டுவிட்ட சத்தம்

மறுநாள் கோப்புகளை மாடலரில் ஏற்றி, ஹாலில் இருந்த ஒலிபெருக்கியில் போட்டு வாசித்துக் காட்டினேன். இடது ஸ்பீக்கரைக் கேட்டதும் பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆமா, இதுதான். இந்த மூக்கால பேசுற மாதிரி வரும்," என்றார். தானே கித்தாரை வாங்கி வாசித்தார். பல ஆண்டு தொடாத விரல், இரண்டு இடத்தில் தடுமாறியது.

பிறகு வலது ஸ்பீக்கரின் கோப்பைப் போட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அந்தக் கர்ர்ர் எங்க?" என்றார். கிழிந்த கூம்பு, பலமாக வாசிக்கும்போது ஒரு கரகரப்பைச் சேர்க்குமாம். குழுவில் இருந்தவர்கள் அதை "கிழவன் இருமுறான்" என்று கேலி செய்வார்களாம். கோப்பில் கிழவன் இருமவில்லை.

அதற்கும் காரணம் இருக்கிறது. ஐ.ஆர். என்பது "பெரிய தட்டலுக்குப் பெரிய வால், சின்னத் தட்டலுக்குச் சின்ன வால்" என்ற விதியின்மேல் நிற்கிறது. வாலின் வடிவம் மாறக்கூடாது. கிழிந்த கூம்போ மெதுவாக வாசித்தால் சும்மா இருக்கும், பலமாக வாசித்தால் மட்டும் கரகரக்கும். இத்தகைய சத்தத்தை ஐ.ஆர். தாங்காது. அதிலும் ஃபரீனாவின் முறை, ஸ்பீக்கரில் புதிதாகப் பிறக்கும் மடங்கு அதிர்வுகளைத் துடிப்பிலிருந்து பிரித்துத் தனியே ஒதுக்கிவிடும். அளவீட்டுக்கு அது பெரிய வசதி. பெரியப்பாவுக்கு அது இழப்பு.

கேப் சிம் எதைச் செய்யாது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லவில்லை. ஸ்பீக்கர் திணறும்போது வரும் குணம் அதில் வராது. பெட்டியின் முன் நின்றால் கால்சட்டை அதிருமே, அதுவும் வராது. ஐ.ஆர். தருவது ஒலிவாங்கி கேட்டதை. பக்கத்தில் நின்ற மனிதர் கேட்டதை அல்ல. அதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்தினால் ஏமாற்றம் இல்லை.

கிழவனின் இருமலை நான் விடவில்லை. பெரியப்பா பலமாக வாசிக்க, வலது ஸ்பீக்கரைச் சாதாரண ஒலிப்பதிவாகவே மூன்று நிமிடம் பதிவு செய்து வைத்திருக்கிறேன். அதைக் கருவியில் ஏற்ற முடியாது. கேட்க முடியும்.

மேடையேறும் தம்பி தங்கைகளுக்கு

நான் பட்டுத் தெரிந்துகொண்டவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதல் விதி: உங்கள் சத்தம் கித்தார் பெட்டி வழியாக ஒரே ஒரு முறை போக வேண்டும். மிக்ஸர், காதொலிப்பான், பதிவு என்று போனால் கேப் சிம் இருக்க வேண்டும். உண்மையான கித்தார் ஆம்பிளிஃபையருக்குள் போனால் அதை அணையுங்கள். ஒரு முறைகூட போகாவிட்டால் குளவி. இரண்டு முறை போனால் போர்வைக்குள் இருந்து வாசிப்பதுபோல் மந்தமாகிவிடும்.

இரண்டாவது: வீட்டில் குறைந்த சத்தத்தில் அமைத்ததை மேடைக்கு அப்படியே கொண்டு போகாதீர்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது தாழ்ந்த அதிர்வுகளைச் சரியாகக் கேட்பதில்லை என்பதை ஃபிளெட்சர், மன்சன் இருவரும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். வீட்டில் அழகாகத் தோன்றிய அடிச்சத்தம் மேடையில் குழம்பாகும். 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழும், தேவைப்பட்டால் 6,000 முதல் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டிவிடுங்கள். ஒலியமைப்பாளர் உங்களை வாழ்த்துவார்.

மூன்றாவது: ஐ.ஆர். கோப்புகளை நூற்றுக்கணக்கில் இறக்கிக் குவிக்காதீர்கள். நான் ஒரு முழு விடுமுறையை அப்படி வீணாக்கினேன். இரண்டு அல்லது மூன்றைத் தேர்ந்தெடுத்து அவற்றோடு வாசித்துப் பழகுங்கள்.

நான்காவது பாதுகாப்பு: வால்வு ஆம்பிளிஃபையர் வைத்திருப்பவர்கள், ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வாசிக்கக் கூடாது. ஸ்பீக்கரோ அதற்கு ஈடான லோட் பாக்ஸோ இல்லாமல் ஓட்டினால் வெளியீட்டு மின்மாற்றி கருகிவிடலாம். 8 ஓம், 16 ஓம் என்ற அளவும் பொருந்த வேண்டும். ஸ்பீக்கருக்குப் போகும் வயரை ஒருபோதும் நேராக மிக்ஸரில் செருகாதீர்கள்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் மாடலர் பழையது. பகுதிநேர வேலைச் சம்பளத்தில் சேர்த்து வாங்கினேன். மடிக்கணினி உள்ளவர்களுக்கு அதுகூட அவசியமில்லை. ஒலி இடைமுகக் கருவி ஒன்றிருந்தால், நியூரல் ஆம்ப் மாடலர் போன்ற இலவச மென்பொருளும் இலவச ஐ.ஆர். கோப்புகளும் கொண்டு இன்றிரவே தொடங்கலாம். அடுத்த வீட்டுச் சுவருக்குத் தெரியாது.

இந்த ஆண்டுத் திருவிழா

இந்த ஆண்டும் எங்களுக்கு ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். பெரியப்பா பெட்டியின் இடது ஸ்பீக்கர், ஒலிவாங்கி மூடியின் ஓரத்தில் இருந்தபோது எடுத்த மூன்றாவது பதிவு. 200 மில்லி நொடி நீளம், 29 கிலோபைட். கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்தைவிடச் சின்னது. அதைத்தான் ஏற்றியிருந்தேன். யாரும் காதைப் பொத்தவில்லை. ஆசிரியை வந்து, "போன வருஷம் நீ வாசிச்சியாம்மா?" என்று கேட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

பெரியப்பா கூட்டத்தில் உட்காரவில்லை. ஒலியமைப்பு அண்ணன் பக்கத்தில் நின்று கடைசிவரை கேட்டார். குழுவில் அவரோடு வாசித்து ரவாங்குக்குப் போன மாமாவுக்குக் கைப்பேசியில் அழைத்து, ஒரு பாட்டு முழுவதும் கைப்பேசியை மேடைப் பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பெட்டியின் பலகையைக் கரையான் தின்றுவிட்டதால் அது லாரியில் போய்விட்டது. இரண்டு ஸ்பீக்கர்களையும் கழற்றி வைத்துக்கொண்டோம். அடுத்த விடுமுறையில் இடது ஸ்பீக்கருக்கு ஒரு புதுப் பெட்டி செய்யலாம் என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார். அளவை எழுதிவைக்கவில்லையே என்று வருந்தினேன். அவர் சுவரில் சாய்ந்து நின்று, பெட்டியின் உயரம் தன் இடுப்பில் எதுவரை வரும் என்று கையால் காட்டினார். அதை அளந்து எழுதிக்கொண்டேன்.

உங்கள் வீட்டுப் பின்கட்டிலும் ஏதாவது இருக்கலாம். தாத்தாவின் ஹார்மோனியம், பழைய கோயில் மணி, இடிக்கப்போகும் தோட்டத்து மண்டபத்தின் எதிரொலி. கைதட்டிப் பதிவு செய்ய ஒரு கைப்பேசி போதும். லாரி வருவதற்கு முன் செய்துவிடுங்கள்.